சட்டைக் கைக்குள் அடங்கிய தங்கம்

மாங்காய் வரத்தும் முகூர்த்தமும் சேர்ந்தே தொடங்கிவிட்டன. அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தங்க வாட்ச் பற்றித்தான். கிருஷ்ணகிரியில் 38 வருஷமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். என் மேசைக்கு வருவதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், ஆர்ப்பாட்டம் இல்லாத தங்க வாட்ச். அதனால் சுவர்க் கடிகாரக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. ஓசூரிலிருந்து தினமும் போய்வருகிறேன். எட்டு வருஷமாக வாட்ச் சேர்க்கிறேன், எல்லாம் தண்ணீரில் மூழ்குகிறவர்களுக்கான 42, 44 மி.மீ. ஸ்டீல் டைவர் வாட்ச்கள். எனக்கு முன்னால் சேர்க்க ஆரம்பித்தவர்கள் பலர் இப்போது சின்னதாக, மெல்லிசாக, தேதிகூட இல்லாத தங்க வாட்ச் பக்கம் போய்விட்டார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? — ஓசூர் வாசகர்

தம்பி, பர்ஸில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்து மணிக்கட்டில் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. சுற்றிலும் 2 மி.மீ. கரை சேர்த்தால் 31. படெக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனி 1932ல் கொண்டுவந்த கலட்ராவா 96 வாட்ச் ஏறக்குறைய அவ்வளவுதான். மிஷினை மூடியிருக்கிற வட்டமான கேஸ், தட்டையான விளிம்பு, நேரான குச்சி அடையாளங்கள், ஆறு மணிக்கு மேலே ஒரு சின்ன விநாடி வட்டம். தொண்ணூறு வருஷம் தாண்டியும், டிரஸ் வாட்ச், அதாவது விசேஷ உடைக்குக் கட்டுகிற அடக்கமான வாட்ச், என்று யார் எதை வரைந்தாலும் அதன் சாயல் வந்துவிடுகிறது. ஜெனீவாவில் டயல் செய்துகொண்டிருந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் அந்தக் கம்பெனியை வாங்கியதும் அதே 1932லதான். டயல் தொழில் தெரிந்தவர்கள் கைக்கு வந்ததால்தான் அந்த வாட்சில் ஒரு கோடுகூட அதிகமாக இல்லை என்பது என் எண்ணம்.

அந்த வாட்சை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். அது ஒரு ஒமேகா, 34 மி.மீ., 18 காரட். கே.ஆர்.பி. அணை கட்டும்போது இங்கே இன்ஜினியராக இருந்தவர் வாங்கியது. அவர் மகன் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். ஓடவில்லை. கையில் வாங்கியதும் முதலில் தெரிந்தது எடை. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது, உள்ளங்கையில் வைத்தால் கீழே இழுக்கிறது. 18 காரட் தங்கம், அதே அளவு ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம்.

அப்புறம் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் ஈட்டி போல, நடுவில் ஒரு முகடு ஓட, இரண்டு பக்கமும் சரிவாகச் சீவினவை. டாஃபின் முள் என்பார்கள். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு சரிவு வெளுக்கும், மறு சரிவு கறுக்கும். இன்னும் நகர்த்தினால் அப்படியே மாறும். அந்த முள்ளில் இருளில் ஒளிரும் பூச்சு எதுவும் கிடையாது. கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் மணி தெரிவது இந்தச் சரிவினால்தான். ஒவ்வொரு மணிக்கும் ஒட்டியிருந்த தங்கக் குச்சிகளிலும் அதே சீவல். டயல் வெள்ளையாக இருந்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. பின் மூடியைத் திறந்தால் உள்ளே செம்பு நிறத்தில் 30 மி.மீ. மிஷின். ஒமேகா அந்த வகை மிஷினை 1939லேயே கொண்டுவந்துவிட்டது. அழுக்கு எண்ணெய் பசையாக இறுகியிருந்தது, வேறு குறை இல்லை. கழுவி, எண்ணெய் வைத்து, சாவி கொடுத்தேன். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல் ஒரு தரம் தயங்கி, பிறகு ஆட ஆரம்பித்தது. அந்த மகனுக்கு அப்போது வயது 70க்கு மேல். காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டைவர் வாட்சில் எல்லாமே வெளியே தெரியும். சுற்றுகிற வளையம், 200 மீட்டர் என்ற எழுத்து, கனமான செயின். டிரஸ் வாட்சில் செய்தவனின் திறமை, எதை விட்டான் என்பதில் இருக்கிறது. விநாடி முள்ளை எதற்கு விடுகிறார்கள் தெரியுமா? முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. நடுவிலிருந்து விநாடி முள்ளை எடுத்துவிட்டால் ஒரு அடுக்கு குறையும், கண்ணாடி கீழே இறங்கும், வாட்ச் மெலியும். தேதியை விட்டால் டயலுக்கு அடியில் இன்னொரு தட்டு குறையும். தானாகச் சாவி ஏறுவதற்கான எடைத்தட்டு வேண்டாம் என்றால் இன்னும் குறையும். 1957ல் பியாஜே என்ற சுவிஸ் கம்பெனி செய்த 9பி என்ற சாவி மிஷின் 2 மி.மீ. கனம்தான். கையில் இருக்கிற அதே பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், அதைவிட ஒரு இழை கூடுதல். அதற்குள் ஸ்பிரிங், சக்கரங்கள், பேலன்ஸ் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மெல்லிய மிஷினைப் பிரித்துக் கோத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடமே இருக்காது. எண்ணெய் ஒரு துளி அதிகமானால் வழிந்து பக்கத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். சட்டைப் பஞ்சு ஒன்று உள்ளே விழுந்தால் போதும், நின்றுவிடும். நான் அந்த மாதிரி வாட்சை எடுத்தால் ஃபேனை நிறுத்திவிடுவேன், மே மாதமானாலும்.

நீங்கள் உடனே எதையும் வாங்க வேண்டாம். முதலில் பழைய வாட்ச் வைத்திருக்கிறவர் யாரிடமாவது கேட்டு ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மணி பார்க்கக் கையை நீட்டும்போது மட்டும் அது வெளியே வந்து, பிறகு உள்ளே போகும். அந்த ஒரு நாளில் பிடித்தால் பிடிக்கும்.

கேள்வி: 34 மி.மீ. என்றால் பெண்கள் வாட்ச் மாதிரி இருக்காதா? என் கை பெரிய கை. — பர்கூர் வாசகர்

உங்கள் தாத்தா கையும் பெரிய கையாகத்தான் இருந்திருக்கும். அவர் கட்டியது 33, 34தான். அந்தக் காலத்தில் ஆண்களுக்கு அதுவே அளவு. கண் பழக ஒரு வாரம் ஆகும். அதற்கும் மேல் கூச்சமாக இருந்தால் 36 பாருங்கள். 38க்கு மேல் போனால் தங்கம் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும், அதற்கு ஸ்டீலே நல்லது.

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவர் கட்டியிருந்தது எச்எம்டி சோனா. அது தங்கமா? பட்டை மாட்டும் காதுகளில் நிறம் போய் உள்ளே வேறு மஞ்சள் தெரிகிறது. புதிதாக முலாம் போட்டு அண்ணனுக்குக் கொடுக்கலாமா? — பாலக்கோடு வாசகி

தங்கம் இல்லை அம்மா. தங்க முலாம். சோனா என்றால் இந்தியில் தங்கம், பெயரில் இருப்பது அதுதான். அதற்காக மதிப்புக் குறைவாக நினைக்க வேண்டாம். எச்எம்டி 1961ல் பெங்களூரில் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு வாட்ச் செய்ய ஆரம்பித்தது. நம் ஊரில் ஒரு வாத்தியார், ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க், ஒரு கண்டக்டர் கல்யாணத்துக்கு மெல்லிசாக, தங்க நிறமாக ஒரு வாட்ச் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், கைக்கெட்டியது சோனாதான். சாவி கொடுக்கிற வாட்ச், அடக்கமான டயல். அந்த வாட்ச் தொழிற்சாலைகளை மூட 2016ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது.

காதில் தெரிகிற மஞ்சள் பித்தளை. முலாம் எங்கே தேய்கிறது என்று நான் எப்போதும் பார்ப்பேன். மேசையில் கை ஊன்றி எழுதுகிறவர் வாட்சில் ஆறு மணிப் பக்கத்துக் காது தேயும். மாட்டு வண்டி, டிராக்டர் ஓட்டுகிறவர் வாட்சில் கிரவுன், அதாவது சாவி கொடுக்கிற திருகு, இருக்கிற பக்கம் தேயும். ஒவ்வொரு நாளும் சாவி கொடுத்தவர் என்றால் கிரவுனின் பல் மழுங்கி வழுவழுவென்று இருக்கும். உங்கள் அப்பா எந்தக் கையில் கட்டினார், என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் அந்த வாட்சில் இருக்கிறது. முலாம் போடுவதற்கு முன்னால் கேஸை உரசி மெருகேற்றுவார்கள், அப்போது அதெல்லாம் போய்விடும். அதனால் போடாதீர்கள். மிஷினுக்கு ஒரு ஆயில் சர்வீஸ், புதுக் கண்ணாடி, நல்ல தோல் பட்டை. இது போதும், அண்ணனிடம் கொடுங்கள். பித்தளையில் வியர்வை பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்தால் மட்டும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நகைக்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு பழைய வாட்ச் ஒன்று அடகுக்கு வந்து முழுகிப்போனது. உள்ளே 750 என்றும் ஒரு பெண் தலையும் குத்தியிருக்கிறது. 916 இல்லை, ஹால்மார்க் இல்லை. உருக்கினால் எத்தனை கிராம் தேறும்? — தருமபுரி வாசகர்

ஐயா, தயவுசெய்து உருக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

750 என்பது 1000 பங்கில் 750 தங்கம், அதாவது 18 காரட். அந்தப் பெண் தலை ஹெல்வெட்டியா, சுவிட்சர்லாந்தின் அரசு முத்திரை. 18 காரட் கேஸ்களில் 1995 வரைக்கும் அதைக் குத்தினார்கள். அதன்பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 14 காரட் என்றால் 585 என்று எண் இருக்கும், பழையதில் அணில் முத்திரை. இதற்கு மாறாக 'பிளாக்கே', '20 மைக்ரான்' என்று எழுத்து இருந்தால் அது முலாம்தான். உரைகல்லில் உரசினால் முலாமும் தங்கமாகத்தான் தெரியும். அதனால் வெளியே உரசிப் பார்க்காமல் மூடியின் உள்பக்கம் படியுங்கள்.

22 காரட்டில் ஏன் செய்வதில்லை என்று உங்களைப் போன்றவர்களே நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வளையல் வளைந்தால் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம். வாட்ச் கேஸ் வளைந்தால் பின் மூடி உட்காராது, தூசி போகும், மிஷின் நிற்கும். பட்டை மாட்டும் ஊசி நிற்கிற துளை நாளடைவில் அகன்றுவிடும். அதற்குக் கொஞ்சம் கடினம் வேண்டும், 18 காரட் அந்தக் கடினம். நம் நாட்டில் 2021ல் நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் ஆனபோது வாட்சுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே ஹால்மார்க் இல்லை என்பது குறையே இல்லை.

கிராம் கேட்டீர்கள். நான் மிஷினைக் கழற்றிவிட்டு எடை போட்டுப் பார்த்த மெல்லிய கேஸ் ஒன்று 11 கிராம் வந்தது. உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்தத் தங்கத்துக்கு இன்றைய விலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் என் கடையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதில் கேஸ் இல்லாத மிஷின்கள் 23 கிடக்கின்றன. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸை உருக்கிவிட்டு, 'இது எதற்காவது ஆகுமா' என்று மிஷினை மட்டும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்களுடையது. சிலவற்றில் டயலும் முள்ளும் அப்படியே இருக்கின்றன. சாவி கொடுத்தால் ஓடும். வைப்பதற்கு வீடு இல்லை. அந்த மிஷினுக்கென்று செய்த கேஸ் அது ஒன்றுதான், வேறொன்றில் பொருந்தாது. நல்ல பெயருள்ள வாட்சாக இருந்தால் உருக்கினால் கிடைக்கிற விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து முழுசாக வாங்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பணக் கணக்கிலேயே பார்த்தாலும் உருக்குவது நஷ்டம். டயலையும் பின் மூடியின் உள்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்ன வாட்ச் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை லாக்கரில் இருக்கட்டும்.

கேள்வி: தங்க வாட்சில் கீறல் விழுந்துவிட்டது. பாலிஷ் போடலாமா? — ஊத்தங்கரை வாசகர்

கூடாது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் சேர்த்து வைத்திருந்த ஒரு தங்க வாட்சுக்கு என்னிடம் இல்லாத உதிரி வேண்டியிருந்தது. வெளியூரில் பெரிய சர்வீஸ் கடை ஒன்றில் கொடுத்தேன். உதிரியை ஒழுங்காகப் போட்டார்கள். நான் கேட்காமலே பாலிஷும் போட்டுத் தந்தார்கள். பளபளவென்று வந்தது. காதின் மேல்பக்கமும் பக்கவாட்டும் சந்திக்கிற இடத்தில் கத்தி முனை போல ஒரு விளிம்பு இருந்தது, அது சோப்புக் கட்டி மாதிரி வழிந்துபோயிருந்தது. தங்கம் மெத்து உலோகம், மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும். போன விளிம்பை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கீறல் இருக்கட்டும். சேகரிக்கிறவர்கள் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'பாலிஷ் வேண்டாம்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் டைட்டன் எட்ஜ் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தானே என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். இது சேகரிப்பில் சேருமா? — சூளகிரி வாசகர்

சேரும், தாராளமாக. உங்கள் நண்பர்கள் எட்ஜை ஒரு தரம் கழற்றிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2002ல் வந்தது. வாட்சின் மொத்தக் கனம் 3.5 மி.மீ., உள்ளே மிஷின் 1.15 மி.மீ. மேலே சொன்ன பத்து ரூபாய் நாணயத்தைவிட மெல்லிசு. அதில் பேட்டரியும் அடங்கியிருக்கிறது. சாவி வாட்சுக்குச் சத்தம் உண்டு, உயிர் உண்டு என்பது சரிதான், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் மெல்லிசாக்குவது என்கிற வேலையில் எட்ஜ் யாருக்கும் தாழ்ந்தது இல்லை. அது நம் மாவட்டத்தில் ஓசூரில் செய்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டனைத் தொடங்கியபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததே 2004ல்தான். ராகிக் களி தின்று வளர்ந்த பிள்ளைகள் அந்த மேசைகளில் உட்கார்ந்து, இமை முடியைவிட மெல்லிய உதிரிகளை இடுக்கியால் எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

அதே கம்பெனி நெபுலா என்று 18 காரட் திடத் தங்க வாட்ச்களும் செய்கிறது. அதில் டயல் அடக்கமாக இருக்கிற மாடலை மட்டும் பாருங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் தங்க வாட்ச் கட்டலாமா? — மத்தூர் வாசகர்

தங்கத்துக்கு வியர்வையால் ஒன்றும் ஆகாது, தோல் பட்டைக்குத்தான் கேடு. பழைய டிரஸ் வாட்சுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தோப்புக்குப் போகும்போது வேண்டாம். சாயங்காலம் குளித்துவிட்டுக் கட்டுங்கள். வாட்சைக் கையில் கட்டிக்கொண்டே சாவி கொடுக்காதீர்கள், கிரவுன் தண்டு சாயும். கழற்றிப் பிடித்து, மெதுவாக, இறுகுகிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆயில் சர்வீஸ்.

கேள்வி: மாமனார் கொடுத்த 18 காரட் தங்க வாட்ச், ரொம்ப மெல்லிசு. மகன் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டினேன். வந்தவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. தங்கம் என்று சொன்னாலும் நம்பவில்லை. இதைக் கொடுத்துவிட்டுத் தங்கச் செயின் வைத்த பெரிய வாட்ச் மாற்றிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். — காவேரிப்பட்டினம் வாசகர்

மாற்றாதீர்கள். யாரும் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எத்தனை தரம் பார்த்தீர்கள்? முகூர்த்த நேரம் நெருங்கும்போது ஐயர் ஒரு தரம் உங்களிடம் மணி கேட்டிருப்பார். சமையல் கட்டிலிருந்து ஒருவர் கேட்டிருப்பார். ஒவ்வொரு தரமும் சட்டைக் கையை விலக்கி அதைத்தானே பார்த்தீர்கள். உங்கள் மாமனாரும் உங்கள் கல்யாணத்தில் அதையேதான் அப்படிப் பார்த்திருப்பார்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அதற்கு ஒரு தடித்த கறுப்புப் பட்டை போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் வாட்ச் அமுங்கித் தெரிகிறது. மெல்லிய தேன் நிறத் தோல் பட்டை, காதுப் பக்கம் 18 மி.மீ., கொக்கிப் பக்கம் 16. கொக்கி பழையதையே கழற்றி இதில் மாட்டச் சொல்லுங்கள், அதுவும் தங்கம். மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள், இடுக்கி நழுவினால் காதில் கோடு விழும்.